தூசித் தட்டில் இருண்ட வளையம் தெரிந்தால் அங்கே கோள் இருக்கிறது என்று வகுப்பில் சொல்லலாமா?

களுவாஞ்சி_ரீச்சர் | ஞாயிறு, இரவு 7.50

உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். ஈர்ப்புப் புலம் பாடம் முடியும் இடத்தில் கோள்கள் பிறக்கும் விதத்தையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்ல விருப்பம். அதற்கு எச்எல் டோரி என்ற இளம் நட்சத்திரத்தின் படத்தை விடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியாது. 2014 நவம்பரில் வெளியானது. சிலி நாட்டின் அட்டகாமாப் பாலைவனத்தில், 5,000 மீற்றர் உயரத்தில் நிற்கும் அல்மா வானொலித் தொலைகாட்டிகள் எடுத்தது. ஏறத்தாழ 450 ஒளியாண்டு தொலைவில், பிறந்து பத்து இலட்சம் ஆண்டு அளவே ஆன ஒரு நட்சத்திரம். அதைச் சுற்றித் தட்டையாகப் பரந்த தூசியும் வாயுவும். அந்தத் தட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக ஒளிரும் வளையங்கள், அவற்றுக்கு நடுவே இருண்ட இடைவெளிகள்.

இருண்ட இடைவெளி ஒவ்வொன்றிலும் ஒரு இளங்கோள் ஓடுகிறது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அதை அப்படியே கரும்பலகையில் எழுதலாமா? இன்னொன்று, ஈர்ப்பு என்றால் இழுப்பது. கோள் பக்கத்தில் உள்ளதை இழுத்துத் தன்னோடு சேர்க்கத்தானே வேண்டும்? அது எப்படித் தன் அளவை விட எத்தனையோ மடங்கு அகலமான இடத்தைக் காலியாக்கித் தள்ளி வைக்கிறது? பிள்ளைகள் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். விளங்கியவர்கள் விரிவாகவே எழுதுங்கள், வாசிக்க நேரம் இருக்கிறது.

வந்தாறுமூலை_பௌதிகன் | ஞாயிறு, இரவு 9.15

ரீச்சர், இழுப்பது எப்படித் தள்ளுவதாகிறது என்ற கேள்வியில்தான் முழு விசயமும் அடங்கியிருக்கிறது.

தட்டில் உள்ளே சுற்றுவது வேகமாக ஓடும், வெளியே சுற்றுவது மெதுவாக ஓடும். கெப்ளரின் மூன்றாம் விதி, பிள்ளைகளுக்குத் தெரியும். ஆகவே கோளுக்குச் சற்று வெளியே இருக்கும் வாயுவைக் கோள் பின்னால் வந்து முந்திப் போகிறது. முந்தும்போது இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. அந்தச் சந்திப்பு முடிந்தபின் கணக்குப் பார்த்தால், கோளிடமிருந்து கொஞ்சம் கோண உந்தம், அதாவது சுற்றும் இயக்கத்தின் அளவு, வாயுவுக்குப் போயிருக்கும். கோண உந்தம் கூடிய பொருள் பெரிய வட்டத்துக்கு ஏற வேண்டும், வேறு வழியில்லை. உள்ளே இருக்கும் வாயுவுக்கு நடப்பது நேர் எதிர். அது கோளை முந்துகிறது, கோண உந்தத்தைக் கோளுக்குக் கொடுத்துவிட்டு நட்சத்திரப் பக்கம் இறங்குகிறது. வெளியே உள்ளது வெளியே போக, உள்ளே உள்ளது உள்ளே போக, கோளின் பாதையில் பள்ளம் விழுகிறது. விசை இழுவிசைதான். சுழற்சி இருப்பதால் முடிவு தள்ளுவதாகிறது.

இன்னும் சரியாகச் சொன்னால், கோளின் ஈர்ப்பு தட்டில் சுருள் வடிவ அலைகளைக் கிளப்புகிறது. கோண உந்தத்தைக் காவிக்கொண்டு போவது அந்த அலைகள். 1970களின் கடைசியில் கோல்ட்ரீச், ட்ரெமெய்ன் என்ற இருவர் இந்தக் கணக்கைப் போட்டார்கள். அவர்கள் முதலில் யோசித்தது சனிக்கோளின் வளையங்களைப் பற்றி.

சனியில் இது கண்ணுக்கு நேரே நடக்கிறது. என்கே இடைவெளி 325 கி.மீ. அகலம். அதன் ஓரங்கள் அலை அலையாக நெளிந்திருப்பதைப் பார்த்து, உள்ளே ஒரு சிறு நிலவு இருக்க வேண்டும் என்று 1985 இல் கணித்தார்கள். 1990 இல் வொயேஜரின் பழைய படங்களைத் துருவியபோது அந்த நிலவு அகப்பட்டது. பான் என்று பெயர். அதன் குறுக்களவு 30 கி.மீ. கூட வராது. 2005 இல் கசினி விண்கலம் இன்னும் சிறிய டாப்னிஸை கீலர் இடைவெளிக்குள் கண்டது. இடைவெளியின் வடிவத்தை வாசித்து, உள்ளே இருப்பதைக் கண்டுபிடித்த வேலை இது. எச்எல் டோரியில் செய்வதும் அதே வாசிப்புத்தான்.

அக்கரை_நானா | ஞாயிறு, இரவு 10.30

தம்பி எழுதிய பௌதிகவியல் சரி. சனியிலிருந்து எச்எல் டோரிக்குத் தாவும் இடத்தில்தான் எனக்கு ஒரு தடை.

சனியில் நிலவைப் படத்தில் பார்க்கிறோம். எச்எல் டோரியின் எந்த இடைவெளியிலும் ஒரு கோளையும் உறுதியாகக் காணவில்லை. சனியின் வளையத்தில் வாயு கிடையாது, பனிக்கட்டித் துண்டுகள்தான். பிறக்கும் நட்சத்திரத்தின் தட்டில் திணிவில் நூற்றுக்கு 99 பங்கு வாயு. வாயுவுக்குக் குழப்பமான ஓட்டம் இருக்கும், பிசுக்குமை (உள் உராய்வு) இருக்கும், காந்தப்புலம் ஊடுருவும். கோள் தோண்டும் பள்ளத்தை அந்த வாயுவே திரும்ப நிரப்பப் பார்க்கும். கோளே இல்லாமலும் அது வளையம் போடும். காந்தப்புலம் வாயுவை இழுத்துப் பட்டை பட்டையாகப் பிரிப்பதைக் கணினி மாதிரிகள் காட்டுகின்றன. காபனோரொட்சைட்டு போன்றவை உறையும் தூரத்தில் தூசியின் ஒட்டும் தன்மை மாறும், அங்கேயும் வளையம் தோன்றலாம்.

2018 இல் டிஷார்ப் என்ற திட்டத்தில் 20 தட்டுகளைக் கூர்மையாகப் படம் எடுத்தார்கள். பெரும்பாலானவற்றில் வளையம், சிலவற்றில் சுருள். இடைவெளிகள் 50, 100 வானியல் அலகு தூரத்தில் எல்லாம் இருக்கின்றன (ஒரு அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தூரம்). நம் சூரியனிலிருந்து நெப்டியூன் 30 வானியல் அலகுதான். முதிர்ந்த நட்சத்திரங்களைத் தேடிப் பார்த்தவர்கள் அவ்வளவு தூரத்தில் வியாழன் மாதிரிப் பெரிய கோள்கள் அரிது என்கிறார்கள். அப்படியானால் இந்த இடைவெளிகளில் ஓடும் கோள்கள் பிறகு எங்கே போயின?

ஆகவே ரீச்சர், இடைவெளி ஒவ்வொன்றுக்கும் ஒரு கோள் என்று எழுத வேண்டாம். பிள்ளைகள் அதை விடையாகப் பாடமாக்கி விடுவார்கள்.

படுவான்கரை_மாணவன் | திங்கள், மாலை 4.20

நான் உயர்தர இரண்டாம் வருடம். நானா சொன்னதில் ஒரு சந்தேகம். தட்டில் 99 பங்கு வாயு என்றால் படத்தில் தெரியும் வளையம் எது? இருட்டாக இருக்கும் இடத்தில் வாயுவும் இல்லையா?

வாகரை_வாணி | திங்கள், இரவு 8.05

தம்பி கேட்டது பெரிய ஆட்களும் தடுமாறும் இடம். நான் முதுகலைக்குத் தட்டுகளின் கணினி மாதிரிகளில் வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

எச்எல் டோரி படம் ஒரு மில்லிமீற்றர் அளவிலான அலைநீளத்தில் எடுத்தது. அந்த அலைநீளத்தில் நன்றாக ஒளிர்வது ஏறக்குறைய அதே அளவுள்ள மணிகள், அதாவது மணல் பருமன் தூசி. வாயு அந்தப் படத்தில் தெரியவே தெரியாது. இருட்டு என்றால் மணல் பருமன் தூசி குறைவு என்று மட்டும்தான் பொருள். வாயு அங்கே இருக்கும், கொஞ்சம் குறைந்திருக்கலாம். இதே தட்டுகளைச் சிலியின் மிகப்பெரும் தொலைகாட்டியில் பொருத்திய ஸ்பியர் கருவியால் பார்த்தால் மைக்ரோமீற்றர் தூசியில் பட்டுத் தெறிக்கும் நட்சத்திர ஒளி தெரியும். அந்தப் படத்தில் தட்டு வேறு மாதிரி இருக்கும். நுண்ணிய தூசி வாயுவோடு வாயுவாகப் போய்விடும், மணல் பருமன் போகாது.

ஏன் போகாது என்பதில்தான் வளையத்தின் காரணம் இருக்கிறது. வாயுவுக்கு அமுக்கம் உண்டு. நட்சத்திரத்துக்கு அருகே அமுக்கம் கூட, வெளியே போகப் போகக் குறைவு. அந்த அமுக்க வேறுபாடு வாயுவைக் கொஞ்சம் வெளியே தாங்கிப் பிடிப்பதால், வாயு கெப்ளர் வேகத்தை விட (ஈர்ப்பு மட்டும் இருந்தால் அந்தத் தூரத்தில் சுற்ற வேண்டிய வேகம்) சற்று மெதுவாகச் சுற்றினாலும் விழாது. பூமியின் தூரத்தில் கெப்ளர் வேகம் விநாடிக்கு 30 கி.மீ. வாயு அதைவிட விநாடிக்குச் சில பத்து மீற்றர் குறைவாக ஓடும். தூசி மணிக்கு அமுக்கத்தின் தாங்கல் இல்லை. அது முழு கெப்ளர் வேகத்தில் ஓடியாக வேண்டும். ஓடினால் முன்னே போகும் வாயு முகத்தில் அடிக்கும். கச்சான் காலத்தில் கல்லடிப் பாலத்தால் நகரப் பக்கம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இந்த எதிர்க்காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மணி வேகத்தை இழக்கும், கோண உந்தத்தை இழக்கும், நட்சத்திரத்தை நோக்கிச் சுருண்டு இறங்கும். பூமியின் தூரத்தில் இருக்கும் ஒரு மீற்றர் பருமன் பாறை சில நூறு ஆண்டுக்குள் நட்சத்திரத்தில் விழுந்துவிடும் என்று 1977 இலேயே கணித்துவிட்டார்கள். கோள் உருவாக்கக் கொள்கைக்கு நெடுநாளாகத் தொண்டையில் சிக்கிய முள் இது.

இப்போது ஒரு கோளை அங்கே வையுங்கள். அது வாயுவில் சிறு பள்ளம் போடுகிறது. பள்ளத்தின் வெளிக்கரையில் வாயு குவிகிறது, அமுக்கம் அங்கே உச்சம். உச்சத்துக்கு உள்பக்கம் அமுக்கச் சரிவு திசை மாறுவதால் வாயு கெப்ளரை விட வேகமாக ஓடும், எதிர்க்காற்று பின்காற்றாகிவிடும். வெளியிலிருந்து இறங்கி வரும் மணல் எல்லாம் அந்த உச்சத்தில் நின்றுவிடும். நாம் காணும் ஒளிர்ந்த வளையம் அதுதான். உள்ளே மணல் வரத்து நின்றுபோவதால் இடைவெளி கறுத்துத் தெரிகிறது.

எனவே கோள் தூசியை நேரடியாகக் கூட்டி அள்ளத் தேவையில்லை. வாயுவில் சின்ன மேடு பள்ளம் போதும், மிச்சத்தை எதிர்க்காற்று செய்துவிடும். வியாழன் அளவு கூட வேண்டாம். வியாழனின் தூரத்தில் பூமியைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு திணிவுள்ள கோளே மணல் வரத்தை நிறுத்தப் போதும். நெப்டியூன் 17 மடங்கு. நானா, நீங்கள் கேட்ட "அந்தக் கோள்கள் பிறகு எங்கே போயின" என்பதற்கு இதுவும் ஒரு பதில். அவ்வளவு சிறியவற்றை, அவ்வளவு தூரத்தில், முதிர்ந்த நட்சத்திரத்தைச் சுற்றி நேரடியாகப் பார்க்க இன்றைக்கு எங்களிடம் கருவி இல்லை. இருந்த இடத்திலேயே நில்லாமல் உள்பக்கம் நகர்ந்தும் இருக்கலாம், ஏனென்றால் கோண உந்தம் கொடுக்கல் வாங்கலில் கோளின் பாதையும் மாறும்.

"இடைவெளி ஒவ்வொன்றுக்கும் ஒரு கோள் இல்லை" என்பதில் நான் நானாவோடு நிற்கிறேன். பிசுக்குமை குறைந்த தட்டில் ஒரே கோளின் அலைகள் மூன்று நான்கு இடைவெளி போடும். ஏஎஸ் 209 என்ற தட்டின் வளையங்களில் பலவற்றை ஒரே ஒரு கோளை வைத்து மாதிரியில் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள்.

திருக்கோவில்_இரவு | திங்கள், இரவு 9.40

இந்த இழையில் பீட்டா பிக்டோரிஸ் நட்சத்திரத்தை ஒருவரும் சொல்லவில்லை. கோள் தட்டைக் கோணலாக்கியதும், கோணலைப் பார்த்து முன்கூட்டியே "கோள் இருக்கிறது" என்று சொன்னதும், பிறகு கோள் உண்மையிலேயே அகப்பட்டதும் அங்கேதான் நடந்தது. 1984 இல் தட்டைப் படம் பிடித்தார்கள். 1990களின் நடுப்பகுதியில் ஹபிள் எடுத்த படங்களில் உள்தட்டு கொஞ்சம் முறுக்கியிருப்பது தெரிந்தது. சாய்ந்த பாதையில் ஒரு பெரிய கோள் ஓடினால்தான் இந்த முறுக்கு வரும் என்று கணித்தார்கள். 2003 இல் எடுத்த படங்களை மீண்டும் ஆராய்ந்து 2008 இல் அந்தக் கோளை அறிவித்தார்கள், 2010 இல் அது நட்சத்திரத்தின் மறுபக்கம் போய்விட்டதைக் காட்டி உறுதிசெய்தார்கள். வியாழனைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு திணிவு, நட்சத்திரத்திலிருந்து ஏறத்தாழ 10 வானியல் அலகு.

ரீச்சர், இதைப் பிள்ளைகளுக்கு வெறும் கண்ணாலேயே காட்டலாம். தட்டை அல்ல, நட்சத்திரத்தை. மாசியில் வடகீழ்ப் பருவ மழை ஓய்ந்தபின் இரவு எட்டு மணி போலத் தெற்கே பாருங்கள். அகத்திய நட்சத்திரம் பளிச்சென்று நிற்கும். அதற்கு வலப்பக்கம், மேற்கே சற்றுத் தள்ளி மங்கலாக இருப்பது பீட்டா பிக்டோரிஸ். 63 ஒளியாண்டு. எங்கள் கரையோரத்தில் தெற்கு அடிவானம் திறந்திருப்பதால் நன்றாகத் தெரியும், கொழும்பு வெளிச்சத்தில் கஷ்டம். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இருப்பவர்களுக்கு அது அடிவானத்துக்கு மேலேயே வராது.

அக்கரை_நானா | திங்கள், இரவு 10.10

அருமையான உதாரணம் தம்பி. ஆனால் ரீச்சருக்காக ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். பீட்டா பிக்டோரிஸுக்கு வயது 2 கோடி ஆண்டு. அதன் பிறப்புத் தட்டு எப்போதோ கலைந்துவிட்டது. இப்போது இருக்கும் தூசி வால்வெள்ளிகளும் பாறைகளும் மோதி நொறுங்கியதால் வந்தது. பிறப்புத் தட்டுகள் பெரும்பாலும் சில மில்லியன் ஆண்டுகளில் வாயுவை இழந்துவிடும், பத்து மில்லியன் வரை தாக்குப்பிடிப்பவை கொஞ்சம். ரீச்சரின் படம் வாயு நிறைந்த தட்டு. இரண்டையும் ஒரே கூடையில் போடக் கூடாது.

என் கேள்வி அப்படியே நிற்கிறது. வாயு நிறைந்த, வளையம் போட்ட தட்டின் இடைவெளிக்குள் ஒரு கோளையாவது பார்த்தார்களா?

வாகரை_வாணி | செவ்வாய், காலை 6.30

பார்த்தார்கள் நானா. குறைவுதான், ஆனால் பார்த்தார்கள்.

முதலாவது பிடிஎஸ் 70 என்ற நட்சத்திரம். ஏறத்தாழ 370 ஒளியாண்டு, வயது ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டு. தட்டின் நடுவே பெரிய வெறுமை, அதற்கு வெளியே தடித்த தூசி வளையம். 2018 இல் அந்த வெறுமைக்குள் ஒரு கோளை ஸ்பியர் நேரடியாகப் படம் எடுத்தது. 2019 இல் இரண்டாவது கோள். அதைக் காட்டிக்கொடுத்தது ஐதரசன் விழும்போது வரும் சிவப்பு ஒளி. கோள் இன்னும் வாயுவை விழுங்கி வளர்கிறது, விழும் வாயு சூடேறி அந்த ஒளியை வீசுகிறது. 2021 இல் அந்த இரண்டாவது கோளைச் சுற்றியே ஒரு குட்டித் தட்டு இருப்பதை அல்மா பிரித்துக் காட்டியது. அந்தத் தூசி எங்கள் சந்திரன் அளவில் மூன்று நிலவு வரை செய்யப் போதும்.

ஆனால் பிடிஎஸ் 70 இல் இருப்பது ஒரு பெரிய வெறுமை, எச்எல் டோரி மாதிரி அடுக்கடுக்கான வளையம் அல்ல. நீங்கள் அதைச் சொல்லப் போகிறீர்கள் என்று தெரியும். அதற்கு 2025 ஓகஸ்ட் பதில் தந்தது. விஸ்பிட் 2 என்ற இளம் நட்சத்திரம், சூரியனைப் போன்றது, 430 ஒளியாண்டு அளவு. பல வளையமுள்ள தட்டு. இரண்டு வளையங்களுக்கு நடுவே, துப்புரவான இடைவெளிக்குள், வியாழனைப் போல் ஏறத்தாழ 5 மடங்கு திணிவுள்ள கோள். நட்சத்திரத்திலிருந்து 57 வானியல் அலகு. அதே சிவப்பு ஐதரசன் ஒளியிலும் தெரிந்தது. இதைப் படித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. எத்தனையோ ஆண்டுகளாக மாதிரிகளில் மட்டும் வைத்திருந்த காட்சி.

இவை இரண்டையும் விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொரு சான்று, கோளைப் பார்க்காமலே கிடைப்பது. காபனோரொட்சைட்டு வாயு 230 கிகாஹேட்ஸ் அளவில் கதிர்வீசும். டொப்ளர் விளைவால் (வேகத்துக்கு ஏற்ப அதிர்வெண் நகர்வது) தட்டின் ஒவ்வொரு இடத்திலும் வாயு எந்த வேகத்தில் ஓடுகிறது என்று அல்மா அளக்கும். தட்டு முழுக்கக் கெப்ளர் வேகமாக இருந்தால் வேகப்படத்தில் ஒரே வேகமுள்ள இடங்களை இணைக்கும் கோடு ஒழுங்காக வரும். கோள் இருக்கும் இடத்தில் வாயு அலைக்கழிந்து அந்தக் கோடு நெளியும். 2018 இல் எச்டி 163296 என்ற நட்சத்திரத்தில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டன. ஒரு குழு 260 வானியல் அலகில் கோடு நெளிவதைப் பார்த்து, வியாழனைப் போல் 2 மடங்குள்ள கோள் என்றது. மற்றக் குழு உள்ளே உள்ள இடைவெளிகளின் ஓரத்தில் வாயுவின் அமுக்கம் எப்படி மாறுகிறது என்பதை வேகத்திலிருந்தே எடுத்தது. நான் மேலே எழுதிய அமுக்க உச்சம் வெறும் கற்பனை இல்லை, அளந்திருக்கிறார்கள்.

நானா சொன்ன உறைநிலைக் கோட்டுக் கதைக்கும், அதாவது காபனோரொட்சைட்டு போன்றவை உறையும் தூரத்தில் வளையம் வரும் என்பதற்கும், ஒரு சோதனை வைத்தார்கள். பிரகாசமான நட்சத்திரத்தில் அந்தக் கோடு தொலைவில் இருக்க வேண்டும், மங்கலானதில் கிட்ட இருக்க வேண்டும். நிறையத் தட்டுகளை ஒப்பிட்டபோது வளையங்கள் அப்படி நட்சத்திரத்தின் பிரகாசத்தைப் பின்பற்றவில்லை. சில வளையங்களுக்கு அது காரணமாக இருக்கலாம், பொதுக் காரணம் அல்ல.

அக்கரை_நானா | செவ்வாய், மதியம் 12.45

வேகப்படம் எனக்கும் திருப்தி. தூசி வளையத்தை விட வாயுவின் ஓட்டத்தை நம்பலாம், அதைப் போலியாக உண்டாக்க வேறு காரணங்கள் குறைவு. விஸ்பிட் 2 பற்றி இப்போதுதான் தேடி வாசித்தேன். மெய்தான், இடைவெளிக்குள்ளேயே நிற்கிறது.

ஆனால் சுருள் தட்டுகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஏபி ஆரிகே என்ற நட்சத்திரத்தின் தட்டைச் சொல்கிறேன். அதன் சுருள் கைகளைப் பார்த்துக் கோள் என்றார்கள், 2022 இல் ஒரு கோளைப் படம் பிடித்ததாகவும் அறிவித்தார்கள். 2024 இல் அதே தட்டின் வாயு வேகத்தை ஆராய்ந்தவர்கள், தட்டு தன் சொந்த எடையாலேயே நிலைகுலைந்து சுருள்கிறது என்று காட்டினார்கள். அங்கே சுருளைக் கோள் போட்டதா, சுருள் உடைந்து கோள் பிறக்கிறதா? காரணமும் விளைவும் இடம் மாறுகின்றன.

படுவான்கரை_மாணவன் | செவ்வாய், மாலை 5.00

நானா கடைசியாகக் கேட்டது வளையத்துக்கும் பொருந்தாதா? வாணி அக்கா சொன்னபடி மணல் வளையத்தில் குவிகிறது என்றால், குவிந்த இடத்தில் கோள் இன்னும் லேசாகப் பிறக்குமே. முதலில் வளையம் வந்து அதிலிருந்து கோள் வந்ததா, கோள் வந்து அது வளையம் போட்டதா? அப்புறம், எங்கள் சூரியனுக்கும் இப்படி வளையம் இருந்ததா?

வந்தாறுமூலை_பௌதிகன் | செவ்வாய், இரவு 8.30

தம்பி, இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றைக்கும் மோதிக்கொள்ளும் கேள்வியைப் போட்டுவிட்டாய். இரண்டும் நடக்கலாம் என்பதுதான் என் எண்ணம். முதல் வளையத்துக்குக் காந்தப்புலமோ வேறு குழப்பமோ காரணமாக இருக்கட்டும். அதில் மணல் செறிந்தால் ஒன்றையொன்று இழுத்துத் திடீரென்று பாறைக் கூட்டமாகத் திரளும், பிறகு அந்தப் பாறைகள் மணலை வாரி விழுங்கி விரைவாகக் கோளாகும். அந்தக் கோள் வெளியே இன்னொரு அமுக்க உச்சத்தைப் போடும். அங்கே அடுத்த தலைமுறை தொடங்கும். எச்எல் டோரியின் வயதுக்குள் கோள் எப்படி வந்தது என்று முன்பு எல்லோரும் திகைத்தார்கள், ஏனென்றால் பழைய மாதிரிகளில் வியாழன் வளரப் பல மில்லியன் ஆண்டு எடுத்தது. மணலை விழுங்கி வளரும் கணக்கு 2010களில் வந்தபிறகு அந்தத் திகைப்பு பெரும்பாலும் தணிந்துவிட்டது.

எங்கள் சூரியனைப் பற்றிக் கேட்டாய். சூரியத் தொகுதிக்கு 456 கோடி ஆண்டு வயது, தட்டு இப்போது இல்லை. ஆனால் அந்தத் தட்டின் துண்டுகள் விண்கற்களாக இன்றும் பூமியில் விழுகின்றன. விண்கற்களில் மொலிப்டினம், தங்ஸ்தன் சமதானிகளை (ஐசோடோப்புகளை) அளந்தபோது அவை கலக்காத இரண்டு குடும்பங்களாகப் பிரிந்தன. ஒரே சூரியனைச் சுற்றி, ஒரே காலத்தில், பல இலட்சம் ஆண்டுகளாக இரண்டு தூசிக் கூட்டங்கள் ஒன்றோடொன்று சேராமல் இருந்திருக்கின்றன. 2017 இல் ஜேர்மனியில் முன்ஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தந்த விளக்கம்: சூரியத் தொகுதி பிறந்து பத்து இலட்சம் ஆண்டுக்குள் வியாழனின் கரு பூமியைப் போல் 20 மடங்காக வளர்ந்துவிட்டது, அது நடுவே மதில் போல நின்று மணல் உள்ளே வருவதைத் தடுத்தது. வாணி சொன்ன அதே 20 மடங்கு. மதில் வியாழன் அல்ல, அதற்கு முன்பே அங்கிருந்த ஓர் அமுக்க வளையம் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும் எங்கள் தட்டிலும் ஓர் இடைவெளி இருந்திருக்கிறது என்பதற்குக் கையில் தூக்கிப் பார்க்கக்கூடிய சாட்சி இருக்கிறது.

களுவாஞ்சி_ரீச்சர் | செவ்வாய், இரவு 9.55

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை.

நான் இப்படிச் சொல்லப் போகிறேன். எச்எல் டோரி படத்தைக் காட்டி, வளையம் என்பது மணல் தங்கிய அமுக்க உச்சம் என்று தொடங்குவேன். அந்த உச்சத்தைக் கோள் போட்டிருக்கலாம் என்றும், அதைச் சொல்ல வாயுவின் வேகம் வேண்டும் என்றும் சொல்வேன். பிறகு விஸ்பிட் 2. கோண உந்தம், வட்ட இயக்கம், டொப்ளர் மூன்றும் பாடத்திட்டத்தில் உள்ளவை, ஆகவே நேரம் வீணாகிறது என்று ஒருவரும் சொல்ல முடியாது.

வேகப்படத்துக்கு ஒரு கணக்கு வேண்டும். படுவான்கரைத் தம்பி, நீயே செய்து போடு. எச்டி 163296 இன் திணிவு சூரியனைப் போல் 2 மடங்கு, தூரம் 260 வானியல் அலகு, கதிர்வீச்சு 230,538 மெகாஹேட்ஸ். வேகம் எவ்வளவு, அதிர்வெண் எவ்வளவு நகரும்?

திருக்கோவில்_இரவு | செவ்வாய், இரவு 10.20

அந்த நட்சத்திரத்தை இங்கிருந்து சாதாரண பைனாகுலரால் பார்க்கலாம் ரீச்சர், ஏழாம் தரப் பிரகாசம். ஓகஸ்ட் இரவு ஒன்பது மணிக்குத் தனுசு தெற்கே உச்சியில் நிற்கும். டிரிபிட் நெபுலாவிலிருந்து வடமேற்கே இரண்டு பாகைக்குள். எச்எல் டோரியோ ரோகிணிக்கு இரண்டு பாகை வடக்கே, எங்கள் தலைக்கு மேலேயே வரும், ஆனால் பைனாகுலருக்கு எட்டாது.

படுவான்கரை_மாணவன் | புதன், மாலை 6.15

பூமியின் வேகம் விநாடிக்கு 29.8 கி.மீ. வேகம் திணிவின் வர்க்கமூலத்தோடு கூடும், தூரத்தின் வர்க்கமூலத்தோடு குறையும். 2 ஐ 260 ஆல் பிரித்து வர்க்கமூலம் எடுத்தால் 0.0877. ஆகவே விநாடிக்கு 2.6 கி.மீ. அதை ஒளி வேகத்தால் பிரித்து 230,538 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2 மெகாஹேட்ஸ். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2,960 ஆண்டு வருகிறது. சரியா அக்கா?

வாகரை_வாணி | புதன், இரவு 7.40

சரி தம்பி. இன்னும் ஒரு படி இருக்கிறது. டொப்ளர் காட்டுவது எங்களை நோக்கிய கூறை மட்டும். அந்தத் தட்டு ஏறத்தாழ 47 பாகை சாய்ந்திருக்கிறது, சைன் எடுத்துப் பெருக்கினால் வேகம் விநாடிக்கு 1.9 கி.மீ., நகர்வு 1.5 மெகாஹேட்ஸ் அளவு வரும். கோள் அந்த வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கலைத்தது என்று வைத்தால் தேட வேண்டிய மாற்றம் 0.15 மெகாஹேட்ஸ், இரண்டு இலட்சத்து முப்பதாயிரத்தில். அல்மா அதைவிட நுணுக்கமாகப் பிரிக்கும். அடுத்ததாக விஸ்பிட் 2 க்கு 57 வானியல் அலகு போட்டுப் பார், திணிவு சூரியன் அளவு என்று வைத்துக்கொள். சுற்றுக்காலம் 430 ஆண்டு வராவிட்டால் எங்கே பிழைத்தது என்று இங்கேயே எழுது, பார்த்துச் சொல்கிறேன்.